கட்டைவிரலுக்கு ஒரு சும்மாடு

தண்டலத்தில் முன்பெல்லாம் காலில் செருப்பு இருந்தால் வசதியான ஆள் என்று அர்த்தம். இப்போது எந்தச் செருப்பு போட்டாலும் வலிக்கிறது என்று சொல்பவர்தான் வசதியான ஆள். இரண்டுக்கும் நடுவில் நடந்ததைத் தொழில் வளர்ச்சி என்கிறார்கள்.

எந்தத் தண்டலம் என்று கேட்பீர்கள். அந்தப் பெயரில் ஊர்கள் பல. நான் சொல்வது பூந்தமல்லிக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவில், பெங்களூர் நெடுஞ்சாலையில் இருந்து பேரம்பாக்கத்துக்குச் சாலை பிரிகிற தண்டலம். என் சின்ன வயதில் அந்த நெடுஞ்சாலைக்கு எண் 4, இப்போது 48. மாவட்டத்துக்குப் பெயர் அப்போது செங்கல்பட்டு, 1997இல் காஞ்சிபுரம். சாலைக்கும் மாவட்டத்துக்கும் புதுப்பெயர் கொடுத்தவர்கள் எங்கள் கால்களையும் மறந்துவிடவில்லை. ஷூ கொடுத்தார்கள்.

அதற்கு முன்னால் வெறுங்கால்தான். நடவு, களை, அறுப்பு, ஏரிக்கரை மேல் மாடு ஓட்டுவது, எல்லாமே. வெறுங்காலில் நடப்பது உடம்புக்கு நல்லது என்று காலையில் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறவர்களுக்கு ஒரு செய்தி: சேற்றில் இறங்கியவர்களுக்கு விரல் இடுக்கில் சேற்றுப்புண் வந்தது, வரப்பில் நெருஞ்சி முள் தைத்தது, பாதத்தில் கால் ஆணி வளர்ந்தது, பாதம் வழியாக நுழைந்த கொக்கிப்புழு வயிற்றில் குடியிருந்து இரத்தம் குடித்தது. புண்ணுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும். குதிகால் வலிக்குச் செங்கல்லைச் சூடாக்கி, எருக்க இலையைப் போட்டு, அதன்மேல் மிதிப்பது. இந்தப் பட்டியலில் கட்டைவிரல் மூட்டு மட்டும் இல்லை. அந்தக் கால்களைப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். கட்டைவிரல் தனியே விலகி, அடுத்த விரலுக்கும் அதற்கும் நடுவே தாராளமாக இடம் விட்டு, தரையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதைப் பக்கவாட்டில் நெருக்க யாரும் இல்லை.

செருப்புக்கு எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லாமல் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் 1017இல் இராமானுஜர் பிறந்த ஊர். அவருடைய சகோதரி மகனும் சீடருமான முதலியாண்டான் பிறந்தது இதே சாலையில், பூந்தமல்லி தாண்டி நசரத்பேட்டைப் பக்கம். இராமானுஜரின் பாதுகை என்றே வைணவர்கள் அவரைக் கொண்டாடுவார்கள். இராமானுஜர் சன்னதியில் நம் தலையில் வைக்கிற சடாரிக்கு முதலியாண்டான் என்றுதான் பெயர். ஆக, பாதுகையைத் தலையில் வாங்கிக்கொள்ள வரிசையில் நிற்கிற மண் இது. அதே மண்ணில், தமிழ்நாட்டின் எத்தனையோ ஊர்களைப் போல, சேரியிலிருந்து ஊர்த்தெருவுக்குள் போகிறவர்கள் தங்கள் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போன காலமும் இருந்தது. என் பெரியத்தை வாக்கப்பட்டுப் போன ஊரில் அப்படித்தான். அவள் டயர் செருப்பு வாங்கியதே இரண்டு தெரு தாண்டிய பிறகு போட்டுக்கொள்வதற்கு.

மாமா போன பிறகு அத்தை எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். சித்தாள் வேலை. 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது. 1998இல் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. நடுவில் அந்த வட்டாரம் முழுக்கக் கட்டட வேலைதான். கார் ஆலையைச் சுற்றி உதிரிபாக ஆலைகள் காளான் முளைத்த வேகத்தில் எழும்பின. அதில் ஒன்றின் சுவருக்கு அத்தை கலவை தூக்கினாள். பழைய நூல் புடவைத் துணியை முறுக்கி, வளையமாகச் சுற்றிச் சும்மாடாகத் தலையில் வைத்து, அதன்மேல் பாண்டு. சுவர் முடிந்து கேட் போட்டதும் அவளுக்கு அந்தப் பக்கம் வேலை இல்லை. அதே கேட் வழியாக, ஐ.டி.ஐ. படித்திருந்த நான் உள்ளே போனேன். கேட்டின் மேல் பலகை: பாதுகாப்புக் காலணி அணியாதவர்களுக்கு அனுமதி இல்லை. செருப்பு போட்டுக்கொண்டு வராதே என்ற காலம் போய், ஷூ போடாமல் வராதே என்ற காலம் வந்துவிட்டது என்று வீட்டில் சொன்னேன். அத்தை சிரிக்கவில்லை. ஷூவைக் கையில் வாங்கி எடை பார்த்தாள். “ஒரு செங்கல்லு கனம் கீதே, இத்தப் போட்டுக்கினு எப்பிடிடா நடப்ப?” என்றாள்.

எனக்குக் கொடுத்த வேலை பிரஸ் ஷாப்பில் டை மாற்றுவது. குந்தி உட்கார்ந்து போல்ட்டை முறுக்க வேண்டும், எழ வேண்டும், மறுபடியும் குந்த வேண்டும். குந்தும்போது உடம்பின் பாரம் முழுவதும் பாதத்தின் முன்பக்கத்துக்கு வந்து கட்டைவிரல் மூட்டு மேல்நோக்கி மடங்கும். அந்த மடிப்பில், ஷூவுக்குள் இருக்கிற இரும்புக் கவசத்தின் பின்விளிம்பு மூட்டின் தலைமேல் வந்து உட்காரும். ஸ்டோரில் போய்ச் சொன்னால் அங்கே பதில் தயார்.

“எட்டு போட்டா இடிக்கும். ஒன்பது போட்டா கழண்டுக்கும். எது வேணும்னு நீயே சொல்லு தம்பி.”

எட்டரை என்ற எண்ணை அந்த ஸ்டோர்க்காரர் வாழ்நாளில் கேள்விப்பட்டதில்லை.

அந்தக் கவசத்தைக் குறை சொல்லவும் முடியாது. சோதனையில் 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும் என்பது அதற்கு விதி. அதாவது, 20 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து நேராகக் காலில் போட்டாலும் விரல் நசுங்கக்கூடாது. நல்ல ஏற்பாடு. மேலேயிருந்து ஒரு நாள் விழக்கூடிய 20 கிலோவுக்கு எல்லா ஏற்பாடும் இருந்தது. ஷிப்ட் முழுக்க உள்ளேயிருந்து அமுக்குகிற என் சொந்த 60 கிலோவுக்குத்தான் ஒன்றும் இல்லை.

வலி முதலில் மூட்டுக்கு மேலே. பிறகு அடியிலும். கட்டைவிரல் மூட்டுக்கு நேர் அடியில், பாதத்தின் பந்து என்று சொல்கிற மேட்டில், பட்டாணி அளவில் இரண்டு குட்டி எலும்புகள் தசைநாருக்குள் புதைந்து கிடக்கின்றன. முழங்காலுக்கு முழங்கால் சில்லு எப்படியோ, கட்டைவிரலை இழுக்கிற நாருக்கு அவை அப்படி. கெட்டியான கான்கிரீட் தளத்தில் மணிக்கணக்கில் நின்றும் குந்தியும் வந்தால் அவற்றைச் சுற்றி வீங்கிக்கொள்ளும். அப்புறம் கால் வைக்கும்போதெல்லாம் சரளைக்கல்லை மிதித்த வலி. இந்த விவரமெல்லாம் பின்னால் ஒரு டாக்டர் படம் போட்டுக் காட்டியது. அன்றைக்குத் தெரிந்தது, கால் வலிக்கிறது என்பது மட்டும்.

எங்கள் லைனில் எல்லோருக்கும் ஏதோ ஒரு கால் வலி இருந்தது. எல்லோரிடமும் ஒரே வைத்தியம் இருந்தது. வலிக்கிற இடத்தில் மெத்தென்று எதையாவது வைப்பது. பஞ்சு வைத்தார்கள். மடித்த கர்ச்சீப் வைத்தார்கள். கொரியாவிலிருந்து உதிரிபாகம் சுற்றி வரும் வெள்ளை ஃபோம் ஷீட்டை வெட்டி வைத்தார்கள். குப்பையில் கிடக்கிற ஃபோம் என்றாலும் கேட்டைத் தாண்டினால் கம்பெனிச் சொத்து. அதனால் அதை உள்ளேயே வெட்டி, உள்ளேயே வைத்து, காலோடு வெளியே கடத்தினார்கள். மாலைக்குள் அது அப்பளம். அதைவிடக் கொடுமை, தட்டையாகாமல் இருக்கிற வரைக்கும் வலி கூடத்தான் செய்தது. வீங்கிய இடத்தின் அடியில் எதை வைத்தாலும், பஞ்சே ஆனாலும், அந்த இடம் இன்னும் கொஞ்சம் உயர்ந்து இன்னும் கொஞ்சம் பாரம் வாங்கும். ஏற்கெனவே நெருக்கமான ஷூவில் மேலே கவசம் வேறு இருக்கிறது.

அத்தைதான் வழி சொன்னாள். நான் திண்ணையில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து, மூட்டை அவள் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினாள். நான் கத்தினேன்.

“இங்கியா?”

“அங்கதான், வுடு அத்த.”

“வலிக்கிற எடத்துலயே துணிய வெச்சா நோவாம இன்னா பண்ணும்? சும்மாடு நடுவுல ஓட்ட எதுக்கு வுடறோம்? உச்சந்தலையில பாரம் ஏறாம சுத்தி எறங்கணும்னுதான். நோவற எடத்த வுட்டுட்டு சுத்தி வெய்யிடா.”

சொன்னதோடு நிற்காமல், துணியைக் கிழித்து விரலளவு திரித்து, சின்ன வளையம் ஒன்று செய்து காட்டினாள். தலைக்குச் சும்மாடு எப்படியோ, காலுக்கு அது. பாரத்தை வேறு இடத்துக்கு மாற்றிக் கொடுப்பதுதான் வேலை. மெத்தென்று இருப்பது அவ்வளவு முக்கியம் இல்லை. கால் சிகிச்சை நிபுணர்கள் நடனக்காரர்களுக்கும் ஓட்டக்காரர்களுக்கும் வெட்டிக் கொடுக்கிற திண்டும் இதே தத்துவத்தில்தான் இருக்கிறது: வலிக்கிற எலும்புக்கு நேரே காலியிடம், அதைச் சுற்றி மேடு. அவர்கள் ஃபெல்ட் துணியில் வெட்டுகிறார்கள். அத்தை கிழிந்த வேட்டியில் செய்தாள்.

துணி வளையம் ஷூவுக்குள் நகர்ந்துவிடும். அதனால் ரப்பருக்கு மாறினோம். அந்த வேலையை என் வீட்டுக்காரி எடுத்துக்கொண்டாள். அவள் தையல் தெரிந்தவள், கை சுத்தம். தேய்ந்த ஹவாய் செருப்பு ஒன்று. மேலே வெள்ளை, அடியில் நீலம், குதிகால் பக்கம் தகடாகத் தேய்ந்தது. அப்படித் தேய்ந்த இடம்தான் வேண்டும். புதுச் செருப்பின் கனத்துக்கு ஷூவில் இடம் கிடையாது. ஐந்து, ஆறு மில்லிமீட்டருக்கு மேல் போனால் கால் ஒருபக்கமாகச் சாயும்.

சரியான இடத்தில் ஓட்டை விழ வேண்டுமே, அதற்கு அவள் கண்டுபிடித்த வழி எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். ஷூவிலிருந்து இன்சோலை உருவித் தரையில் போட்டாள். என் பாதத்தின் அடியில் அழுத்திப் பார்த்து, எங்கே ‘ஆ’ என்றேனோ அங்கே தன் சாந்துக் குப்பியிலிருந்து ஒரு பொட்டு வைத்தாள். “மிதிங்க” என்றாள். மிதித்துக் காலை எடுத்தால், இன்சோலில் சிவப்பாக ஒரு வட்டம். அதைச் சுற்றி லாட வடிவில் கோடு போட்டு, லாடத்தின் திறந்த பக்கம் விரலைப் பார்க்கிற மாதிரி ரப்பரை வெட்டினாள். வெட்டிய ஓரம் செங்குத்தாக இருந்தால் அதுவே ஒரு படி மாதிரி பாதத்தை உறுத்தும் என்று, பழைய பிளேடால் ஓரங்களைச் சரிவாகச் சீவினாள். இன்சோலுக்கு மேலே ஒட்டினால் காலில் படும், வேர்வையில் கழலும். அதனால் அடிப்பக்கத்தில், சைக்கிள் கடை பஞ்சர் சொல்யூஷன் தடவி ஒட்டினாள். காய்ந்த பிறகு உள்ளே போட்டு ஷூவை மாட்டிக்கொண்டு நின்றேன். வலித்த எலும்பு காலியிடத்துக்கு மேல் மிதந்தது; சுற்றி இருந்த ரப்பர் பாரத்தை வாங்கிக்கொண்டது. மேலே கவசம் இடிப்பதற்கு இன்னொரு உபாயம்: லேஸை மூட்டுக்கு நேரே இருக்கிற ஓட்டையில் கோக்காமல் தாண்டி மேலே கோப்பது. செலவு, சொல்யூஷன் டியூப் ஒன்று.

இதே ஹவாய் ரப்பருக்கு உறவுக்காரன் ஒருவன் இருந்தான். எங்கள் பக்கத்தில் அவனைக் கண்டால் ஒதுங்குவார்கள். எம்.சி.ஆர். செருப்பு.

பால் பிராண்ட் என்று ஓர் ஆங்கிலேய டாக்டர். 1914இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர், தமிழ் தெரிந்தவர். 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளுக்கு விரலும் பாதமும் புண்ணாகிக் கரைவது நோயினால் தானாக நடக்கிறது என்று அதுவரை நம்பியிருந்தார்கள். அப்படி இல்லை, நரம்பு செத்து வலி தெரியாமல் போனதால்தான் என்று கண்டுகொண்டவர் அவர். வலி தெரிகிற நாம் நடக்கும்போது நம்மை அறியாமலே காலை மாற்றி மாற்றி வைக்கிறோம். கொஞ்சம் சுட்டால் சாய்கிறோம், நொண்டுகிறோம். வலி தெரியாதவர்கள் ஒரே இடத்தை ஒரே மாதிரி மிதித்துக்கொண்டே இருக்கிறார்கள், தோல் கிழிகிற வரைக்கும். இதற்கு வழி, பாதத்தின் பாரத்தைப் பரப்பிவிடுகிற செருப்பு. பொடிப்பொடியான காற்றறைகள் கொண்ட மைக்ரோசெல்லுலர் ரப்பர், சுருக்கமாக எம்.சி.ஆர்., அதற்குத் தோதாக இருந்தது. வேலூரிலும், 1955இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மையத்திலும் அந்த ரப்பரில் செருப்பு செய்து கொடுத்தார்கள். வலியைப் பற்றி 1993இல் பிலிப் யான்சியுடன் சேர்ந்து அவர் எழுதிய புத்தகத்தில், வலியை யாரும் விரும்பாத பரிசு என்றே சொன்னார். பிரஸ் ஷாப் ஆட்கள் யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

அருமையான செருப்புதான். ஆனால் பார்த்தவுடன் இன்ன நோய்க்காரர் என்று சொல்லிக் கொடுத்துவிடும். டீக்கடையில் அந்தச் செருப்பைப் பார்த்தால் கிளாஸ் வேறு வரும். அதனாலேயே எத்தனையோ பேர் வாங்கிய செருப்பை வீட்டில் வைத்துவிட்டு, புண்ணோடு வெறுங்காலில் நடந்தார்கள்.

இன்று பூந்தமல்லியில் ஒரு செருப்புக் கடைக்குப் போனேன். கண்ணாடி அலமாரிக்குள் விளக்கு போட்டு எம்.சி.ஆர். செருப்பு வைத்திருக்கிறார்கள். பெயர் ‘ஆர்த்தோ’. பக்கத்தில் ‘டயபடிக் கேர்’. பெல்ட் வைத்தது, பூப்போட்டது, கல்யாணத்துக்குப் போகிறது என்று ரகம் ரகமாக. விற்கிற பையன் ரப்பரைக் கட்டைவிரலால் அமுக்கிக் காட்டி, “டாக்டர் சப்பல் சார், ஃபாரின் டெக்னாலஜி” என்றான். வேலூர் எந்த நாட்டில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு இலவசமாகக் கொடுத்தும் போட்டுக்கொள்ள வெட்கப்பட்ட செருப்பை, இன்று விலை கொடுத்து வாங்கிப் பெருமையாகப் போட்டுக்கொள்கிறோம். நடுவில் மாறியது ரப்பர் அல்ல, நோய். தொழுநோய்க்காரரின் செருப்பு என்றால் அவமானம், சர்க்கரைக்காரரின் செருப்பு என்றால் அந்தஸ்து.

மற்ற மாற்றங்களையும் சொல்கிறேன். எங்கள் சாலையில் இருந்து ஒரகடம் வரைக்கும் இப்போது கார், பைக், லாரி, டயர், கண்ணாடி, கைபேசி எல்லாம் செய்கிறார்கள். தெற்கே செய்யாறில் உலகம் முழுக்க ஓடுகிறவர்களின் கால்களுக்கு மெத்துமெத்தென்ற ஷூ தைக்கிறார்கள். தைக்கிற ஊர்ப் பெண்கள் ரப்பர் செருப்பில் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். இன்னொரு பக்கம், வெறுங்காலில் நடப்பது போலவே இருக்கும் என்று சொல்லி ஒரு ஷூ. விரல் விரலாக உறை போட்ட விப்ரம் ஷூ அப்படித்தான் உலகத்தில் பிரபலமானது. காலுக்கு நல்லது என்று விளம்பரம் செய்ததற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்காவில் வழக்கு வந்து, 2014இல் 37.5 லட்சம் டாலருக்கு சமாதானம் ஆனது. என் அத்தை வெறுங்காலை எந்த விளம்பரமும் இல்லாமல் வைத்திருந்தாள்.

என் மகன் ஒரகடத்தில் ஓர் ஆலையில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறான். ஊழியர் உடல்நலம் பற்றிப் படம் போட்டு வகுப்பு எடுக்கிறான். நிற்கும்போது கால்களை மாற்றி மாற்றி வையுங்கள், களைப்பு குறைக்கும் ரப்பர் விரிப்பில் நில்லுங்கள், என்று ஒரு மணி நேரம் சொல்கிறான். கேட்பவர்கள் நிற்கிறார்கள். வலிக்கிற கால்களுக்கு மிகப் பழைய மருந்து நாற்காலி. அது 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 44ஆம் பிரிவாகவே இருந்தது. நின்று வேலை செய்கிறவர்களுக்கு, சமயம் கிடைக்கும்போது உட்கார வசதி செய்து தர வேண்டும் என்று. கடைகளில் நிற்கிறவர்களுக்கு அதுவும் இருக்கவில்லை. ‘அங்காடித் தெரு’ படம் வந்து பதினோரு வருடம் கழித்து, 2021இல்தான் தமிழ்நாடு சட்டத்தில் திருத்தம் வந்தது. சட்டத்தில் நாற்காலி இருக்கிறது. லைனில் தேடிப் பார்க்க வேண்டும்.

எனக்கு இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. மூட்டு அடியில் இருந்த வலி போய், மூட்டே இறுகிவிட்டது. டாக்டர் எக்ஸ்ரே பார்த்தார். குருத்தெலும்பு தேய்ந்து, மேல்பக்கம் எலும்பு முளைத்திருக்கிறது. விரல் மேல்நோக்கி மடங்க இடமில்லை. ஒவ்வொரு அடியிலும் கால் தரையை விட்டுக் கிளம்பும்போது அந்த மூட்டு மடங்கித்தான் ஆக வேண்டும். மடங்க மாட்டேன் என்கிறது. தகராறு அங்கேதான்.

மகன் பாசக்காரன். ஆன்லைனில் பார்த்துப் பார்த்து வாங்கிக் குவித்தான். சிலிகான் ஜெல் உறை, விரலிடுக்கில் வைக்கும் ஜெல் துண்டு, மெமரி ஃபோம் இன்சோல், கடைசியாக, சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்ற அளவுக்கு மெத்தென்ற ஓட்ட ஷூ. எல்லாவற்றின் அட்டையிலும் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் சிரிக்கிறார். அந்த மெத்தை ஷூவைப் போட்டுக்கொண்டு பக்கத்துச் செட்டிப்பேடு வரை நடந்தேன். திரும்பி ஷேர் ஆட்டோவில் வந்தேன். சுருட்டக்கூடிய ஷூ என்றால் விரலும் அதோடு சேர்ந்து நன்றாக மடங்குகிறது என்று அர்த்தம்; எது வலிக்கிறதோ அதையே செய்ய வைப்பதற்குப் பெயர் சொகுசு.

இறுகிய மூட்டுக்கு வேண்டியது மென்மை இல்லை, விறைப்பு. அடிப்பாகம் மடங்காத ஷூ. முன்பக்கம் கொஞ்சம் மேல்நோக்கி வளைந்திருந்தால் பாதம் உருண்டு போய்விடும், விரல் மடங்க வேண்டிய அவசியம் இல்லை. அல்லது இன்சோலுக்கு அடியில் கட்டைவிரல் நுனி வரைக்கும் நீட்டி ஒரு விறைப்பான பட்டை. கார்பன் ஃபைபரில் இதைச் செய்து விற்கிறார்கள்; விலையைப் பார்த்து எனக்கு மற்ற மூட்டுகளும் இறுகின. வீட்டில் பேத்தியின் பழைய பிளாஸ்டிக் பரீட்சை அட்டை கிடந்தது. இந்த முறை லாடம் வேண்டாம். நடுப்பாதத்தில் தொடங்கி கட்டைவிரல் நுனி வரை போகிற மாதிரி ஒரு நாக்கு வெட்டி, ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்து, இன்சோலுக்கு அடியில் சொருகினேன். மேலே முளைத்த எலும்பில் ஷூ உரசாமல் இருக்க, ஷூவின் நாக்குக்கு உள்பக்கம், எலும்புக்கு இரண்டு பக்கமும் மெல்லிய ரப்பர் பட்டைகள். இப்போது சந்தை வரை நடக்க முடிகிறது. யோசித்தால், சாமியார்கள் போட்ட மரப் பாதக்குறடும் அடி மடங்காத செருப்புதான். முதலியாண்டானைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

இந்த விஷயம் எப்படியோ பரவி, ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டு வாசலில் ஷூக்கள் வரிசையாக நிற்கின்றன. காண்ட்ராக்ட்டில் வேலை செய்கிற பையன்கள். பாதிப் பேர் ஒடிசா, பீகார். ஊர் வேறு, பாஷை வேறு, வலிக்கிற இடம் ஒன்று. “அண்ணா, இதர் வலி” என்று காட்டுவார்கள். வீட்டுக்காரியிடம் இப்போது சாந்து இல்லை, ஸ்டிக்கர் பொட்டுதான். ஸ்டிக்கரை ஒட்டி மிதிக்கச் சொன்னால் காலோடு திரும்பி வந்துவிடுகிறது. அதனால் பேத்தியின் ஸ்கெட்ச் பேனா.

எல்லோருக்கும் வெட்டிக் கொடுப்பதில்லை. போன மாதம் ஒருவர் வந்தார். இரவில் திடீரென்று மூட்டு சிவந்து, வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிறது என்றார். அது ஷூ செய்த வேலை இல்லை, இரத்தத்தில் யூரிக் அமிலம் செய்கிற வேலை. அது முதலில் குடிவருவதே பெரும்பாலும் இந்த மூட்டில்தான். திண்டு வைத்துத் தீராது என்று டாக்டரிடம் அனுப்பினேன். சர்க்கரை இருந்து, பாதம் மரத்துப்போனவர்களுக்கும் என் கத்தி வெட்டாது. மரத்த காலில் பிளாஸ்டிக் ஓரம் கிழித்தாலும் தெரியாது. அவர்களுக்குப் பால் பிராண்ட் வழி வந்த செருப்பை அளவெடுத்துத்தான் வாங்க வேண்டும். கீழே விழுந்து அடிபட்டு வலிப்பவருக்கு முதலில் எக்ஸ்ரே. மீதிப் பேருக்கு லாடமா, நாக்கா என்று பார்ப்பதுதான் என் கிளினிக். விரலைப் பிடித்து மேலே மடக்குவேன். மடங்கினால், அடியில் அழுத்தினால் கத்துகிறவருக்கு லாடம். மடக்கும்போதே கத்துகிறவருக்கு நாக்கு.

மகன் இதை ஸ்டார்ட்-அப் ஆக்கலாம் என்கிறான். ஜோடி 499 என்று போட்டால் தள்ளுபடி மாதிரி தெரியுமாம், அத்தை படத்தைப் போட்டு ‘பாட்டி வைத்தியம்’ என்று விற்கலாமாம். சரக்குக்கு எங்கே போவது என்பதுதான் என் கவலை. ஹவாய் செருப்பைத் தேய்கிற வரைக்கும் போட்டுக்கொள்கிற ஆட்கள் இந்த ஊரில் குறைந்துவிட்டார்கள்; வருகிறவர்கள் கொண்டு வருகிற குரோக்ஸ் மாதிரிச் செருப்பெல்லாம் மாலைக்குள் அப்பளமாகிற ஃபோம் ஜாதி. எனவே இதைப் படித்துவிட்டு தண்டலம் வருகிறவர்களுக்கு இரண்டே நிபந்தனை. தேய்ந்த ஹவாய் ஒன்று கொண்டு வாருங்கள். வேலை முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டும். நாற்காலிகள் போட்டு வைத்திருக்கிறேன், 44ஆம் பிரிவுப்படி.